டப்பா பொய் சொல்லாது

கோமதி அத்தை இறந்துவிட்ட செய்தி எனக்கு இந்தியில் வந்தது. அலுவலக நூலகத்தில், புதிதாக வந்த புத்தகங்களின் முதுகில் எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் பேசியவர், தில்லி லக்ஷ்மிபாய் நகரில் அத்தையின் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருக்கும் பஞ்சாபி அம்மாள். "பேட்டா, கோமதிஜி நஹீ ரஹீ" என்றார். காலையில் போட்ட பால் பாக்கெட் பத்து மணிக்கும் வாசலிலேயே கிடந்ததாம். கதவைத் தட்டியிருக்கிறார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு உடைத்திருக்கிறார்கள். அத்தை சமையலறைத் தரையில் கிடந்தார். அரிசி களைந்து வைத்திருந்தது. அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. இதயம் நின்றுவிட்டதாக மருத்துவர் சொன்னார். வயது ஐம்பத்தெட்டு. பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

நம் தமிழ் மன்றத்து மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். ஒரு பக்கம் என்றால் எளிது. அவர் பிறந்த ஊர், பார்த்த வேலை, நல்ல குணங்கள் நான்கு. ஆனால் இந்த மலரைப் படிக்கும் பலருக்கு அவரைத் தெரியும். தெரிந்தவர்களில் பலர் ஒன்பது ஆண்டுகளாக அவரைப் பற்றி ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். தங்கை மகளை மலையில் விட்டுவிட்டு இறங்கி வந்தவர் என்பது அந்த வாக்கியம். அதில் விடுபட்ட ஒரு பகுதி உண்டு. அதை அறிந்தவர்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் இப்போது இல்லை. அதனால் எனக்கு ஒரு பக்கம் போதாது.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இருபத்தொரு வயதில் பரீட்சை எழுதித் தேர்வாகி, ஒரு டிரங்குப் பெட்டியோடு தனியாக ரயிலேறி தில்லிக்கு வந்தவர். ஓர் அமைச்சகத்தின் தபால் அனுப்பும் பிரிவில் வேலை. நாள் முழுவதும் உறைகளை எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். திருமணம் செய்துகொள்ளவில்லை. தங்கை மீனாட்சியை வரவழைத்துப் படிக்கவைத்து, மோதி பாக்கில் இருந்த ஒரு நல்ல குடும்பத்தில் மணமுடித்துக் கொடுத்தார். தங்கைக்கு ஒரே மகள், வசந்தி. பெரியம்மா வீட்டில் பாதி, அம்மா வீட்டில் பாதி என்று வளர்ந்தாள்.

எங்கள் குடும்பம் அத்தையின் வீட்டுக்கு மேல்மாடிக்குக் குடிவந்தபோது எனக்கு எட்டு வயது. படிக்கட்டில் பார்த்ததும் "நமஸ்தே ஆன்ட்டி" என்றேன். "என்னட்டி ஆன்ட்டி? எனக்கு அம்மா அப்பா கோமதின்னு ஒரு பேரு வச்சிருக்காவ. ஒனக்கு நான் அத்தை. அப்படிக் கூப்பிட நாக்கு வளையலைன்னா சாயங்காலம் முறுக்கு கிடையாது பாத்துக்க" என்றார். அன்று முதல் அத்தைதான். அவர் பேச்சில் ஊர்த் தமிழும் தில்லி இந்தியும் ஒரே மூச்சில் வரும். "ஏட்டி சுதா, ஜல்தி வாட்டி, பஸ் போயிரும்" என்பது என் பள்ளி நாட்களின் காலை ஒலி.

மலைப் பயணங்கள் ஒரு கேலியில் தொடங்கின. அலுவலக உணவகத்தில் ஒருவர், "மெட்ராஸிகள் மலையில் என்ன செய்வார்கள்? இட்லி உறைந்துபோகுமே" என்று சிரித்தாராம். அத்தை அதை எங்களுக்குப் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார். "அடுத்த மாசமே மூணு பேரக் கூட்டிக்கிட்டுப் போயிட்டம்லா. இட்லி ஒறையல. மாவுதான் புளிக்க மாட்டேன்னுட்டு" என்பார். மூன்று பேர் ஏழாகி, ஏழு இருபதானது. ஒவ்வோர் ஆண்டும் தசரா விடுமுறையில் ஒரு பேருந்து அமர்த்தி, நம் குடியிருப்புத் தமிழ்க் குடும்பங்களை இமாச்சலத்துக்கோ கார்வாலுக்கோ அழைத்துப் போவார். மலையடிவாரக் கிராமத்தில் தங்கி, விடியலில் ஏறி, மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். புடவை மேல் ஸ்வெட்டர், அதன் மேல் இன்னொரு ஸ்வெட்டர், காலில் கான்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆட்களை எண்ணுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. உயிரோடு இருப்பவர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடாது என்பது அவர் பிறந்த வீட்டு வழக்கம். கண்பட்டுவிடும். அதனால் டப்பாக்களை எண்ணுவார். புறப்படுவதற்கு முன்பு ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். நம் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்குமே, அதைப் பார்த்து யாருடையது என்று தெரிந்துகொள்வார். எல்லாவற்றிலும் புளியோதரை நிரப்பி, மலையடிவாரத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். மேலே போய்ச் சாப்பிட்டதும் திரும்ப வாங்கி இரண்டு கான்வாஸ் பைகளில் போட்டு, சாமான் சுமக்க அமர்த்திய குதிரையில் ஏற்றுவார். டப்பாக் கணக்கு சரியாக இருந்தால்தான் விசில். கீழே பேருந்தடியில் மறுபடி பெயர் கூப்பிட்டுத் திருப்பித் தருவார்.

வாங்கும்போது மூடியைத் திறந்து பார்ப்பதும் உண்டு. மீதி வைத்திருந்தால் அந்த ஆளை அருகில் உட்காரவைத்து முகத்தைப் பார்ப்பார். "மலையில வயிறு நின்னு போச்சுன்னா அடுத்தாப்புல தலைக்கு ஏறப்போவுதுன்னு அர்த்தம். எங்கிட்ட மறைக்கப்பிடாது. ஒடனே எறங்கிரணும்" என்று ஒவ்வொரு பயணத்திலும் பேருந்துக்குள் நின்று சொல்வார். யாருக்கும் எதுவும் ஆனதில்லை.

எங்கள் பேருந்தை ஓட்டி வந்த சர்தார்ஜிக்கு இது பெரிய வேடிக்கை. "மேடம்ஜி, ஆத்மி கினியே, டிப்பா நஹீ!" என்பார். ஆளை எண்ணுங்கள், டப்பாவை எண்ணாதீர்கள் என்று. அத்தை தன் திருநெல்வேலி இந்தியில் திருப்பிக் கொடுப்பார்: "பையா, ஆத்மி ஜூட் போல்தா. டிப்பா ஜூட் நஹீ போல்தா." மனிதன் பொய் சொல்வான், டப்பா பொய் சொல்லாது. பேருந்தே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

இனி அந்தப் பயணம். வசந்திக்கும் எனக்கும் பத்தொன்பது வயது. ஒரே கல்லூரி. இமாச்சலத்தில், மரங்கள் முடிந்துபோன உயரத்துக்கும் மேலே உள்ள ஓர் ஏரிக்குப் போனோம். நாங்கள் இருபத்திரண்டு பேர். வசந்தியின் பெற்றோர் வரவில்லை. "பெரியம்மா இருக்காளே, பெறவு என்ன" என்று மீனாட்சி அத்தை பேருந்து வாசலில் சொன்னது என் காதில் விழுந்தது.

விடியலில் தேவதாருக் காட்டுக்குள் நடக்கத் தொடங்கினோம். பிறகு காய்ந்த புல்வெளி. அதற்குப் பிறகு வெறும் கல். பதினொரு மணிக்கு மேல் ஏரி தெரிந்தது. நான் நினைத்திருந்ததைவிடச் சிறியது. கரும்பச்சை நிறம். கரையோரம் மட்டும் கண்ணாடிச் சில்லு போல மெல்லிய பனிக்கட்டி. எதிரில் பனிமலை. என் அம்மா கைகூப்பினார். அழகாக இருந்தது என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் அழகாகத்தான் இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தோம். வசந்தி டப்பாவைத் திறக்கவில்லை. அவள் டப்பாவில் அவள் பெயர் தமிழில் வெட்டப்பட்டிருந்தது. அவளுக்குத் தமிழ் படிக்க வராது. பக்கவாட்டில் இருந்த ஒரு நசுங்கலைப் பார்த்துத்தான் தன்னுடையது என்று கண்டுபிடிப்பாள்.

"சாப்பிடலையா?"

"தலை வலிக்குது. புளி வாடையே பிடிக்கல."

"அத்தைகிட்ட சொல்லு."

"பாகல் ஹை க்யா? பைத்தியமா நீ? சொன்னா என்னைக் குதிரையில உக்கார வெச்சு அனுப்பிடுவாங்க. எல்லாரும் பார்ப்பாங்க, சாமான் மூட்டை மாதிரி. நீ குடுத்துடு, ப்ளீஸ். உன்னோடதுக்கு அடியில வெச்சுக் குடு. நான் அந்தப் பாறைக்குப் பின்னாடி அஞ்சு நிமிஷம் காத்துப்படாம உக்காந்துட்டு வரேன். கிளம்பும்போது கூப்பிடு."

"சரி" என்றேன்.

அதற்குள் பனிமலை மறைந்துவிட்டிருந்தது. குதிரைக்காரர் வானத்தைப் பார்த்து, "ஜல்தி கரோ, மேடம்ஜி" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். அத்தை மண்டியிட்டுப் பைக்குள் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் இரண்டையும் சேர்த்து நீட்டினேன். மேலே என்னுடையது, காலி. கீழே வசந்தியுடையது. அத்தை வாங்கினார், என்னை நிமிர்ந்து பார்த்தார், பைக்குள் வைத்தார். மூடியைத் திறக்கவில்லை. ஆலங்கட்டி விழத் தொடங்கியது. "இருபத்திரண்டும் இருக்கு. டப்பா சரி. நடங்க, நடங்க" என்று எழுந்து விசிலை ஊதினார்.

இந்த இடத்தை நான் ஒன்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் இறங்கினேன். வசந்தியின் நினைவு வராமல் இல்லை. விசில் கேட்டிருக்கும், பின்னால் வருகிறாள் என்று நினைத்தேன். டப்பா சரி என்று அத்தை சொன்னதும் என் மனம் அமைதியாகிவிட்டது. அந்தக் கணக்கைப் பொய்யாக்கியவள் நான். இருந்தும் அதை நம்பினேன்.

நான்கு மணிக்குப் பேருந்தடியில் பெயர் கூப்பிட்டார். ஒவ்வொருவராகப் போய் வாங்கிக்கொண்டோம். "வசந்தி" என்றார். யாரும் வரவில்லை. "ஏட்டி வசந்தி" என்றார். மூன்றாவது முறை கூப்பிடும்போது குரல் மாறிவிட்டது. கையில் இருந்த டப்பாவைத் திறந்தார். மேலே வைத்த அப்பளம் உடையாமல் இருந்தது.

நான் ஓடிப்போய், "அத்தை, ரெண்டையும் நான்தான்…" என்று ஆரம்பித்தேன். கம்பளிக் கையுறையோடு என் வாயைப் பொத்தினார். "வாய மூடு. எண்ணுனது நான். இத நீ ஒருத்தர்ட்டயும் சொல்லப்பிடாது. ஒங்கம்மாட்டயும்தான்" என்றார். பிறகு ஊர்க்காரர்கள் மூவரோடு மறுபடி மலையேறிப் போனார்.

பனி அவர்களைப் பாதி வழியில் திருப்பிவிட்டது. அன்றைய இரவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. காலையில் மீண்டும் ஏறினார்கள். வசந்தி அதே பாறைக்குப் பின்னால், ஸ்வெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே இருந்தாளாம். விசில் அவள் காதில் விழுந்ததா, விழுந்தும் எழ முடியவில்லையா என்பது யாருக்கும் தெரியாது.

மோதி பாக் வீட்டுக் கூடத்தில் நடந்ததைப் பலர் பார்த்திருக்கிறீர்கள். மீனாட்சி அத்தை தன் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஆபீஸ்ல கவர எண்ணத் தெரியுதுல்லா ஒனக்கு? எம்பிள்ளைய எண்ணத் தெரியலையா?" என்று கேட்டார். கோமதி அத்தை தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா மீனா. எண்ணத் தெரியல" என்றார். நான் நான்கடி தள்ளி, செருப்பு அலமாரியை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை.

அதன்பிறகு சகோதரிகள் பேசிக்கொள்ளவில்லை. மீனாட்சி அத்தையின் குடும்பம் ஜனக்புரிக்குப் போய்விட்டது. மலைப் பயணங்கள் நின்றன. நவராத்திரிக்குக் கோமதி அத்தையைத் தாம்பூலத்துக்கு அழைப்பதை நம்மில் பலர் மெல்ல நிறுத்திக்கொண்டோம். தசரா வந்தாலே அந்த நினைவுதான், பாவம் அவருக்கும் சங்கடம் என்று காரணம் சொல்லிக்கொண்டோம். அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. காலையில் பேருந்து நிறுத்தத்தில் நிற்பார். மாலையில் காய்கறிப் பையோடு திரும்புவார். என்னைப் பார்த்தால், "சாப்ட்டியாட்டி?" என்பார். அவ்வளவுதான்.

நூலகத்தில் வேலை கிடைத்தபோது இனிப்பு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மலையில் அது நடந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இனியும் என்னால் மறைக்க முடியாது, எல்லோரிடமும் சொல்லப்போகிறேன் என்றேன். டீயை ஆற்றி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"சொல்லணும்னா சொல்லு. ஆனா பாதியச் சொல்லாத, முழுசாச் சொல்லு. நீ குடுத்ததுல அடியில இருந்தது கனமா இருந்திச்சி. எங்கைக்குத் தெரிஞ்சிது. அவ சாப்பிடலைன்னும் தெரிஞ்சிது. மழ வருதே, கீழ போயி ஏசிக்கிடலாம்னு பையில போட்டுட்டேன். இருபத்திரண்டு ஆயிட்டுல்லா, அது போதும்னு இருந்துட்டேன். நீ சின்னப்பிள்ள, சிநேகிதிக்காகப் பொய் சொன்ன. கனத்தக் கையில வச்சிக்கிட்டு எழும்பி விசில் ஊதினவ நான்."

"அப்போ ரெண்டு பேரும்தானே அத்தை?"

"அது பங்கு போடுற சாமான் இல்லட்டி" என்றார். "ஒனக்கு இனிமேத்தான் ஆயுசு கெடக்கு. மீனாவுக்கு யாரையாவது வெறுக்கணும். நான் போதும் அதுக்கு."

அன்றும் நான் சொல்லாமல் இருந்துவிட்டேன். அவர் என்னைக் காப்பாற்றினார் என்று நீண்ட நாள் நினைத்திருந்தேன். தனக்குத் தானே விதித்துக்கொண்ட தண்டனையில் வேறு யாருக்கும் இடம் தர அவர் விரும்பவில்லையோ என்றும் பிறகு தோன்றியது. புத்தகங்களுக்கு நடுவில் வேலை பார்க்கிறேன். இதற்கு விடை எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

இறுதிச் சடங்கன்று மீனாட்சி அத்தை வந்திருந்தார். மாடி ஏறவில்லை. கீழே படிக்கட்டு ஓரத்தில் நின்றார். உடலை இறக்கிக் கொண்டுவந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி நகர்ந்ததும் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

அங்கே வந்திருந்த அலுவலகத் தோழி ஒருவர் என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். அத்தை தினமும் மதியம் ஒரு நசுங்கிய டப்பாவில்தான் சாப்பாடு கொண்டுவருவாராம். காய்ச்சலோ வயிற்றுக் கோளாறோ, என்ன இருந்தாலும் ஒரு பருக்கை மீதம் வைக்க மாட்டாராம். "ஏக் தானா பீ நஹீ" என்றார் அவர். "சாப்பாடு வேண்டாத நாட்களில் கண்ணில் நீர் வரும், ஆனாலும் விழுங்குவார். நாங்கள் கஞ்சத்தனம் என்று நினைத்தோம்."

அரசுக் குடியிருப்பு, வீட்டைக் காலி செய்ய வேண்டும். சாமான்களை ஒதுக்க என் அம்மாவும் நானும் போனோம். சமையலறை மேடையில், அன்று அரிசி களைந்து வைத்த பாத்திரத்துக்குப் பக்கத்தில், அந்த டப்பா கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அன்றைய சோற்றுக்காகக் காத்திருந்தது. ஒன்பது ஆண்டுகள் சாம்பலும் நாரும் போட்டுத் தேய்த்ததில் வெட்டிய எழுத்துகள் தேய்ந்திருந்தன. 'வசந்தி' என்பதைத் தெரிந்தவர்கள்தான் படிக்க முடியும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு, மெட்ரோ ஏறி ஜனக்புரிக்குப் போனேன். இதுவரை நீங்கள் படித்த அனைத்தையும் மீனாட்சி அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சோபா நுனியில் உட்கார்ந்து கேட்டார். நான் முடித்ததும் என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கை நீட்டி டப்பாவை வாங்கினார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"அன்னைக்கு இதுல என்ன இருந்திச்சி?" என்று கேட்டார்.

"புளியோதரை. ரெண்டு அப்பளம். ஓரத்துல கொஞ்சம் தேங்காய்த் துவையல்."

"ஒரு வாய்கூடத் திங்கலையா?"

"இல்லை, அத்தை."

டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "எங்கக்கா கையால பண்ணுன துவையல்னா அவளுக்கு உசிரு" என்றார். "எங்கக்கா" என்ற சொல்லை அவர் ஒன்பது ஆண்டுகளாகச் சொல்லவில்லை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அவர் முகம் குலைந்துபோனது.

வாசலில் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலேயே வந்தார். "இத அப்படியே போடச் சொல்லு. ஒரு எழுத்து மாத்தாத" என்றார். பிறகு, "இனிமே நீ இங்க வராண்டாம்" என்றார். சரி என்று தலையாட்டினேன். அவர் கதவைச் சாத்தும்போதும் டப்பா அவர் கையில்தான் இருந்தது.

கோமதி அத்தை, முழுசாகச் சொல் என்றீர்கள். சொல்லிவிட்டேன். உங்கள் தங்கை கையில் அந்த டப்பாவைக் கொடுத்தாயிற்று. இந்த முறை ஒன்றுக்குக் கீழே இன்னொன்று இல்லை. போய் வாருங்கள்.